ஒயர் இல்லாத விளக்கு

மலைப் பிரதேசத்தில் எழும்பப்போகும் வீட்டுக்கான விளம்பரப் படம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். இடுக்கியின் ஏல மலைகளோ, நீலகிரியோ, கொடைக்கானலோ, எந்த ஊராக இருந்தாலும் அதில் ஒரு விளக்கு இருக்கும். சோபாவுக்குப் பின்னாலிருந்து நீண்டு வளைந்து, கழுத்தைக் குனிந்து, மேஜைமேல் விரித்துவைத்த புத்தகத்தின் மீது தேன் நிறத்தில் ஒரு வட்டம் போட்டுக்கொண்டிருக்கும். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம். பார்த்த மாத்திரத்தில் அந்த அறையில் போய் உட்காரவேண்டும் போலத் தோன்றும். அப்படித் தோன்றவைப்பதுதான் அந்த விளக்கின் உத்தியோகம். வீடு இன்னும் கட்டப்படவில்லை. அந்த விளக்கும் எங்கும் எரிந்துகொண்டிருக்கவில்லை. அது கம்ப்யூட்டரில் செய்த விளக்கு. சற்று உற்றுப் பார்த்தால் பல படங்களில் ஒன்று புலப்படும். விளக்குக்கு ஒயர் கிடையாது.

இந்த ஒயர் இல்லாத விளக்குகளுக்கென்று உலகம் முழுவதும் ஒரு சந்தை இருக்கிறது. நாற்காலி, கட்டில், பூந்தொட்டி, காபிக் கோப்பை என்று வீட்டுக்குள் வைக்கக்கூடிய எல்லாவற்றையும் முப்பரிமாண மாதிரிகளாகச் செய்து விற்கிறார்கள். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் 2000-ல் தொடங்கப்பட்ட டர்போஸ்க்விட் இந்த வியாபாரத்தில் பெரிய பெயர். 2021-ல் அதை ஷட்டர்ஸ்டாக் நிறுவனம் விலைக்கு வாங்கியது. கட்டடக்காரர்களுக்கும் இண்டீரியர் டிசைனர்களுக்கும் படம் செய்து தருகிறவர்கள், ஒவ்வொரு நாற்காலியையும் புதிதாக வரைந்துகொண்டிருக்க முடியாது. வாங்கி வைத்துவிடுகிறார்கள். இதில் தவறொன்றுமில்லை.

ஆனால் விளக்கு, நாற்காலியைப் போன்றதல்ல. மற்றப் பொருள்கள் படத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா இருக்கின்றன. விளக்குதான் மற்றவற்றைக் காட்டுகிறது. நாற்காலி பொய் என்றால் அந்த நாற்காலி மட்டும்தான் பொய். விளக்கு பொய் என்றால் அறை முழுவதும் பொய்.

இந்த விளக்கை எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள நம் ஊர்க் கடைசல் பட்டறையை நினைத்துக்கொண்டால் போதும். கட்டையைச் சுழலவிட்டு உளியை வைத்தால், எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே வடிவம் கிடைக்கிறது. கம்ப்யூட்டரிலும் அதே வேலைதான். விளக்கின் பக்கவாட்டு உருவத்தில் பாதியை ஒரு கோடாக வரைந்து, அதை நடு அச்சைச் சுற்றிச் சுழற்றினால் பாதமும் தண்டும் குடையும் உருண்டு திரண்டு வந்துவிடும். இந்தக் கட்டளைக்குச் சில மென்பொருள்களில் பெயரே ‘லேத்’தான். வளைந்த கம்பிக்கு வேறு வழி. பாதை ஒன்றை வரைந்து, அதன்மேல் ஒரு சிறு வட்டத்தை இழுத்துக்கொண்டு போகவேண்டும். இப்படிக் கிடைக்கும் உருவம், ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு தகடுகளை ஒட்டவைத்த ஒரு கூடு. உள்ளே ஒன்றும் கிடையாது. தூரத்தில் தெரியும் விளக்குக்குச் சில நூறு தகடுகள் போதும். கண்ணுக்கு நேராக வருவதற்கு அவை ஆயிரக்கணக்கில், சமயத்தில் லட்சக்கணக்கில் வேண்டும்.

இதில் தேர்ந்தவர்கள் முதலில் கவனிப்பது விளிம்பை. நிஜ உலகில் எந்தப் பொருளின் விளிம்பும் முழுக் கூர்மையாக இருப்பதில்லை. பித்தளைத் தட்டானாலும் மர மேஜையானாலும் ஓரம் ஒரு மயிரிழை மழுங்கியிருக்கும். அந்த மழுங்கலில்தான் ஒளி பட்டு மெல்லிய கோடாக மின்னுகிறது. அந்தக் கோடு இல்லையென்றால் என்ன குறை என்று சொல்லத் தெரியாவிட்டாலும், இது பொம்மை என்று கண் சொல்லிவிடும். ஆகவே விளிம்பை வேண்டுமென்றே கொஞ்சம் மழுக்குகிறார்கள். பிறகு பித்தளைக்குப் பளபளப்பு, துணிக் குடைக்கு நெசவு, பால் கண்ணாடிக்கு மங்கல் என்று ஒவ்வொரு பாகத்துக்கும் தோலைப் போர்த்துகிறார்கள். கெட்டிக்கார இளைஞர் ஒருவர் இத்தனையையும் ஒரே நாளில் முடித்துவிடுவார்.

உருவம் தயார். ஆனால் விளக்கு இன்னும் எரியவில்லை. கஷ்டம் இனிமேல்தான்.

இதற்கு 1986 ஒரு முக்கியமான வருஷம். அந்த ஆண்டு அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்த கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் மாநாட்டில் பிக்ஸார் நிறுவனம் இரண்டே நிமிடம் ஓடும் குறும்படம் ஒன்றைத் திரையிட்டது. பெயர் ‘லக்ஸோ ஜூனியர்’. ஒரு பெரிய மேஜை விளக்கு, ஒரு குட்டி மேஜை விளக்கு, ஒரு பந்து. இவ்வளவுதான் கதாபாத்திரங்கள். இயக்குநர் ஜான் லாஸெட்டர் தன் மேஜைமேல் இருந்த விளக்கையே மாதிரியாக வைத்துக்கொண்டார். குட்டி விளக்கு பந்தோடு துள்ளி விளையாடியதைப் பார்த்த பார்வையாளர்கள் அது உலோகம் என்பதை மறந்துபோனார்கள். படம் ஆஸ்கார் பரிந்துரைவரை போனது. விளக்குகள் அசைய அசைய அவற்றின் ஒளியும் நகர்ந்தது. நிழல் அந்த விளக்குகளின் மீதே சரியாக விழுந்தது. அந்நாளைய தொழில்நுட்பத்துக்கு அது பெரிய சாதனை.

அதே மாநாட்டில் ஜேம்ஸ் கஜியா ஒரு சமன்பாட்டை முன்வைத்தார். ஒரு சுவரின் ஒரு புள்ளியிலிருந்து நம் கண்ணுக்கு வரும் ஒளி எவ்வளவு? அந்தப் புள்ளி தானே உமிழும் ஒளி, அதோடு நாலாபக்கமிருந்தும் அதன்மீது வந்து விழுந்து திரும்பும் ஒளி. சொல்வதற்கு இவ்வளவு சுலபம். ஆனால் நாலாபக்கம் என்பதில் மற்றச் சுவர்களும் அடக்கம். அவற்றின் ஒளி இந்தச் சுவரிலிருந்து போனதாகவும் இருக்கலாம். ஒன்றைச் சொல்ல மற்றதைச் சொல்லவேண்டும், அதைச் சொல்ல இதைச் சொல்லவேண்டும் என்று அது வளர்ந்துகொண்டே போகும். சிவப்புப் பாய் விரித்த அறையில் வெள்ளைச் சுவரின் அடிப்பாகம் லேசாகச் சிவந்து தெரிவது இதனால்தான். இன்று உள்ளறைப் படங்களைச் செய்யும் மென்பொருள்களில் பெரும்பாலானவை இந்தச் சமன்பாட்டுக்கு ஏறக்குறைய ஒரு விடையைக் கண்டுபிடிக்கத்தான் மணிக்கணக்கில் ஓடுகின்றன.

அதே 1986-ல் மூன்றாவதாகவும் ஒன்று நடந்தது. அது செய்தியாகவில்லை. வட அமெரிக்க ஒளியமைப்புப் பொறியாளர்களின் சங்கம், விளக்குகளின் ஒளியைக் கம்ப்யூட்டர் கோப்பாகப் பதிவுசெய்ய ஒரு பொது முறையை வகுத்தது. விளக்கை ஒரு கருவியில் பொருத்தித் திருப்பித் திருப்பி, எந்தக் கோணத்தில் எவ்வளவு ஒளி வீசுகிறது என்று அளக்கிறார்கள். மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு, பக்கவாட்டில் இவ்வளவு என்று எண்கள் வரிசையாக நிற்கும். சங்கத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் இதை ‘ஐ.இ.எஸ். கோப்பு’ என்கிறார்கள். ஜாதகக் கட்டம் மாதிரிதான். வெளியாள் பார்த்தால் வெறும் எண்கள். தெரிந்தவருக்கு அந்த விளக்கின் குணம் முழுவதும் அதில் இருக்கிறது.

ஆக, ஒரு டிஜிட்டல் விளக்கு யோக்கியமாக எரிய வழி இருக்கிறது. உருவத்தோடு, அளந்த ஒளியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், சமன்பாடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். நல்ல விளக்குக் கம்பெனிகள் பலவும் இந்தக் கோப்புகளைக் கேட்பவர்களுக்குத் தருகின்றன.

விளம்பரப் படங்களில் நடப்பது பெரும்பாலும் வேறு. விளக்கின் உள்ளே ஏதோ ஓர் ஒளி. கூடவே கூரைக்குப் பக்கத்தில், சோபாவுக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே என்று கண்ணுக்குத் தெரியாத விளக்குகள். மென்பொருளில் அதற்கென்றே ஒரு விசை உண்டு. ஒளி விழும், ஒளி தரும் பொருள் மட்டும் படத்தில் வராது. நிழல் கருத்த மூலையில் கொஞ்சம் வெளிச்சத்தைத் தெளித்துவிடலாம். சுவர் ஓவியத்தின் மீது ஒரு கீற்றைப் பாய்ச்சலாம். கடைசியில் புகைப்படத்தைச் சரிசெய்வதுபோல் மொத்தத்தையும் கொஞ்சம் பொன்னிறமாக்கலாம். பார்க்கிறவருக்கு அந்த ஒற்றை விளக்கே அறை முழுவதையும் நிறைத்ததுபோல் இருக்கும். நாடக மேடையில் கதாநாயகி கையில் அகல் விளக்கோடு வருவாள். அவள் முகத்தில் விழும் வெளிச்சம் மேலே தொங்கும் விளக்கிலிருந்து வருகிறது. நாடகத்தில் அது கலை. நாம் சீட்டு வாங்கியதே அதற்குத்தான். வீடு வாங்குவதற்கு முன்பணம் கட்டுகிறவர் நாடகத்துக்குச் சீட்டு வாங்கவில்லை.

விளம்பரங்களில் அடிக்கடி காணும் அந்த வளைந்த விளக்குக்கு ஒரு மூதாதை உண்டு. இத்தாலியில் 1962-ல் அக்கில்லே காஸ்டிக்லியோனி, பியர் ஜியாகோமோ காஸ்டிக்லியோனி என்ற சகோதரர்கள் ஃப்ளோஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்த ‘ஆர்கோ’தான் அது. கூரையில் துளைபோடாமல் சாப்பாட்டு மேஜைக்கு மேல் விளக்கைத் தொங்கவிட முடியுமா என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட பிரச்சினை. தெருவிளக்கிலிருந்து யோசனை பிறந்தது. தெருவிளக்குக் கம்பம் ஓரமாக நின்றுகொண்டு சாலையின் நடுவில் ஒளி போடுகிறதல்லவா? ஆர்கோவும் ஓரத்தில் நிற்கும். அதன் எஃகுக் கை ஏறக்குறைய இரண்டு மீட்டர் வளைந்துவந்து மேஜைமேல் ஒளி போடும். அவ்வளவு நீளக் கையைத் தாங்க அடியில் பாரம் வேண்டும். சுமார் 65 கிலோ எடையுள்ள கராரா சலவைக்கல்லை வைத்தார்கள். கல்லின் நடுவே ஒரு துளை. அழகுக்காக என்று நினைப்போம். அது அழகுக்கு அல்ல. துடைப்பக் கட்டையை அந்தத் துளைக்குள் செருகி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, இரண்டு பேர் விளக்கைத் தூக்கி நகர்த்துவதற்காக. கல்லின் மூலைகளைச் சீவியிருப்பதும் காலில் இடித்துக்கொள்ளாமல் இருப்பதற்காக.

கம்ப்யூட்டர் விளக்கில் அந்தத் துளை அப்படியே இருக்கும். சீவிய மூலையும் இருக்கும். கல்லின் ரேகைகூட இருக்கும். எடை மட்டும் இருக்காது. ஒரு விரலால் இழுத்தால் அறையின் மறுகோடிக்குப் போய்விடும். ஏன் துளை என்பதைச் செய்தவருக்கும் தெரியவேண்டியதில்லை, வாங்கியவருக்கும் தெரியவேண்டியதில்லை. ஒரு பொருளின் உருவத்தை மட்டும் நகலெடுத்தால் காரணங்கள் உதிர்ந்துபோகின்றன. ஒயர் உதிர்ந்துபோனதும் இப்படித்தான். படத்தில் அது அசிங்கமாகத் தெரிகிறதென்று எடுத்துவிடுகிறார்கள். வீடு கட்டி முடித்து, படத்தில் கண்ட இடத்தில் விளக்கை வைக்கும்போதுதான் அங்கே ப்ளக் பாயிண்ட் இல்லையென்பது தெரியவருகிறது. நடுக்கூடத்தில் ஒயரை இழுத்து, அதன்மேல் கம்பளத்தை விரித்து, குழந்தை தடுக்கி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதாகிறது.

உருவம் யாருடையது என்ற கேள்வியும் உண்டு. ஆர்கோவைப் பார்த்துச் செய்த சீன விளக்குகளை ‘ஃப்ளூயிடா’ என்ற பெயரில் ஒரு நிறுவனம் இத்தாலியில் இறக்குமதி செய்ய, ஃப்ளோஸ் வழக்குப் போட்டது. ஐரோப்பிய நீதிமன்றம்வரை போன அந்த வழக்கில் 2011 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. கலைப்படைப்புக்குரிய தகுதிகள் ஒரு வடிவமைப்புக்கு இருக்குமானால், வடிவமைப்புச் சட்டத்தின் பாதுகாப்பு முடிந்துபோனது என்பதற்காக அதற்குக் காப்புரிமையை மறுக்க முடியாது என்பது அதன் சாரம். நம் நாட்டுச் சட்டம் வேறு விதம். வடிவமைப்பைப் பதிவு செய்தால் பத்து ஆண்டுகள், நீட்டித்தால் மேலும் ஐந்து ஆண்டுகள் பாதுகாப்பு. பதிவு செய்யத் தக்கதைப் பதிவு செய்யாமல் தொழில்முறையில் ஐம்பது பிரதிகளுக்கு மேல் செய்துவிட்டால், அந்த வடிவமைப்பில் காப்புரிமை போய்விடும்.

டிஜிட்டல் மாதிரி வந்தபிறகு இந்த வழக்குகள் விசித்திரமான திருப்பங்களை எடுக்கின்றன. லாஸெட்டரின் மேஜையில் இருந்த விளக்கு, நார்வேயைச் சேர்ந்த லக்ஸோ நிறுவனத்துடையது. ஜேக் ஜேக்கப்ஸன் 1937-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கும் முன்னோடி, மோட்டார் வண்டிகளுக்கு ஸ்பிரிங் அமைப்பு வடிவமைத்துவந்த ஜார்ஜ் கார்வர்டைன் என்ற ஆங்கிலேயர் 1930-களில் செய்த விளக்கு. தங்கள் விளக்கு படத்தில் நடித்தவரை லக்ஸோ நிறுவனம் சண்டைக்குப் போகவில்லை. 2009-ல் டிஸ்னி நிறுவனம் படத்தில் வந்த விளக்கைப்போலவே நிஜ விளக்கு செய்து விற்க முற்பட்டபோதுதான் வழக்குத் தொடர்ந்தது. அது பிறகு சமரசத்தில் முடிந்தது. நிஜ விளக்கு படமானது, படம் மறுபடி நிஜ விளக்கானது. இரண்டாவது பிறவியில்தான் தகராறு.

இத்தாலிக்காரருக்கும் நார்வேக்காரருக்கும் வக்கீல் வைக்க வசதி இருந்தது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நாச்சியார்கோவில் இருக்கிறது. காவிரியின் வண்டல் மண்ணில் அச்சு எடுத்து, பித்தளையை உருக்கி ஊற்றி, கடைந்து, அரத்தால் ராவி, பாகம் பாகமாகத் திருகிப் பொருத்துகிற குத்துவிளக்கு அங்கே செய்யப்படுகிறது. அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அந்தக் குறியீடு பெயரைத்தான் காப்பாற்றும். வேறு ஊரில் செய்த விளக்கை நாச்சியார்கோவில் விளக்கு என்று விற்கக்கூடாது. உருவத்தைக் கம்ப்யூட்டரில் சுழற்றி எடுத்து, ‘இந்திய விளக்கு’ என்று பெயர் சூட்டி விற்றால் அது ஒன்றும் செய்யாது. தலைமுறை தலைமுறையாக வந்த உருவத்துக்குத் தனி ஒருவர் சொந்தம் கொண்டாட முடியாது என்பது நியாயம்தான். ஆனால் அந்த உருவத்திலும் காரணங்கள் இருக்கின்றன. பாதம் அகலமாக, கனமாக இருப்பது விளக்கு சாயாமல் இருக்க. தட்டில் குழிவு இருப்பது எண்ணெய் நிற்க. ஓரத்தில் கூராக முகம் வைத்திருப்பது திரி படுக்க. கம்ப்யூட்டரில் சுழற்றிய விளக்கில் முகம் இல்லாமல் தட்டு வழவழவென்று வட்டமாக நின்றுவிட்டால், திரியை எங்கே வைப்பது? படத்தில் சுடர் மட்டும் அந்தரத்தில் எரிந்துகொண்டிருக்கும்.

இதையெல்லாம் சொல்வதால் கம்ப்யூட்டர் படங்களே வேண்டாம் என்று ஆகாது. யோக்கியமாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஸ்வீடனின் ஐகியா நிறுவனம் 2006-ல் தன் கேட்டலாக்கில் முதன்முறையாக ஒரு மர நாற்காலியைக் கம்ப்யூட்டர் படமாகப் போட்டது. 2014 வாக்கில் அதன் தனிப் பொருள் படங்களில் ஏறக்குறைய முக்கால்வாசி அப்படிச் செய்யப்பட்டவை. இடையில் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். கம்ப்யூட்டர் ஆட்களைக் கேமராவைப் பிடிக்கக் கற்றுக்கொள்ள வைத்தார்கள். புகைப்படக்காரர்களைக் கம்ப்யூட்டரின் முன் உட்காரவைத்தார்கள். படங்கள் அதன்பிறகே தேறின என்று அங்கே வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நிஜமான அறையில் நிஜமான விளக்கை ஏற்றி நிழல் எங்கே விழுகிறது என்று தவித்தவனுக்குத்தான், பொய்யான அறையில் நிழலை எங்கே விடவேண்டும் என்று தெரியும்.

இனி மலைக்கு வருவோம். போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை தாண்டி, உடும்பன்சோலை போகும் சாலையில் இருக்கிறது சாந்தன்பாறை. ஏலத் தோட்டங்களின் ஊர். தேனி மாவட்டத்துத் தமிழர்கள் தலைமுறைகளாக மலையேறி வேலைக்கு வருகிற பகுதி. 2022-ல் அங்கே கள்ளிப்பாறை மலையில் நீலக்குறிஞ்சி பூத்தபோது நாலா திசையிலிருந்தும் ஜனங்கள் திரண்டார்கள். பூவைப் பார்க்க வந்தவர்களுக்கு அங்கேயே ஒரு வீடு இருந்தால் தேவலை என்று தோன்றுவது இயற்கை. ஆனால் அங்கே வீடு கட்டுவது சுலபமல்ல. மூணாறு வட்டாரத்தில் வருவாய்த் துறையின் தடையில்லாச் சான்றிதழ் இல்லாமல் கட்டடம் எழுப்பக்கூடாது என்று 2010-ல் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்த கிராமங்களில் சாந்தன்பாறையும் ஒன்று. படத்தில் கட்டும் வீட்டுக்குத்தான் எந்தச் சான்றிதழும் தேவையில்லை.

வீடு கட்ட முடிந்தாலும் விளக்கின் கதை வேறாக இருக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அந்த மலைகளில் மேகம் வாசல்வரை வந்துவிடும். பட்டப்பகலிலேயே விளக்குப் போடவேண்டிய நாட்கள் உண்டு. நகரத்தில் உட்கார்ந்து படம் செய்கிறவர் ஜன்னல் வழியே சித்திரை மாத வெயிலைப் பாய்ச்சிவிட்டு, விளக்கை அலங்காரத்துக்கு ஒரு மூலையில் நிறுத்திவிடுகிறார். அந்தப் படத்தைப் பார்த்து வீடு கட்டுகிறவர் ஆடி மாதத்தில் படிக்க வெளிச்சமில்லாமல் ட்யூப்லைட்டைத் தேடுகிறார். தேன் நிற வட்டம் காணாமல் போகிறது.

அந்த மலைவாசிகளுக்கு ஒளியின் கணக்கு நன்றாகத் தெரியும். ஏலம் நிழலில் வளரும் செடி. ஆனால் இருட்டில் வளராது. மழைக்கு முன்னால் நிழல் மரங்களின் கிளைகளை அளவாகக் கழிக்கிறார்கள். அதிகம் கழித்தால் செடி வெந்துபோகும். கழிக்காமல் விட்டால் காய் பிடிக்காது. எவ்வளவு ஒளி வேண்டும் என்று மேலே அண்ணாந்து பார்த்துச் சொல்லக்கூடிய ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் ஐ.இ.எஸ். கோப்பு கிடையாது. கண் இருக்கிறது.

இன்னொரு பாடமும் அங்கே இருக்கிறது. பறித்த ஏலக்காயைத் தோட்டத்து ஸ்டோரில் உலர்த்தியபின் அது ஏலத்துக்குப் போகிறது. ஸ்பைசஸ் போர்டின் மேற்பார்வையில் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும், தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலும் நடக்கும் அந்த ஏலம் கம்ப்யூட்டருக்கு மாறி வெகு காலமாகிறது. வியாபாரிகள் கூவுவதில்லை. பொத்தானை அழுத்துகிறார்கள், விலை திரையில் ஏறுகிறது. ஆனால் ஒன்றை மட்டும் அவர்கள் மாற்றவில்லை. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் மாதிரிக் காய்கள் வியாபாரியின் கைக்கு வந்தாக வேண்டும். அவர் உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கிறார். நிறம் பார்க்கிறார், பருமன் பார்க்கிறார், பிளந்து உள்ளே அரிசி கறுத்திருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகுதான் பொத்தான். ஏலக்காயின் படத்தைத் திரையில் காட்டி, இதை நம்பி விலை சொல்லுங்கள் என்றால் ஒருவரும் சொல்லமாட்டார். சாயம் ஏற்றிப் பச்சையாக்கிய காயை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஸ்பைசஸ் போர்டும் அதுபற்றி எச்சரித்திருக்கிறது. வியாபாரம் டிஜிட்டல், மாதிரி நிஜம் என்பது அவர்கள் கண்ட வழி.

சில ஆயிரம் ரூபாய் ஏலக்காய்க்கு இருக்கிற இந்த ஜாக்கிரதை, பல லட்சம் ரூபாய் வீட்டுக்கு நம்மிடம் இல்லை. புனேயிலும் பெங்களூரிலும் சென்னைப் புறநகரிலும் படத்தைப் பார்த்து முன்பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆயுள் சேமிப்பைக் கொடுத்துவிட்டு, இருபது வருஷம் தவணை கட்டுகிறார்கள். சட்டம் அவர்களைக் கைவிட்டுவிடவில்லை. 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ தரப்பட்ட பொய்யான தகவலை நம்பிப் பணம் கட்டி ஒருவர் நஷ்டப்பட்டால், அவருக்கு ஈடு தரவேண்டும். அவர் விலகிக்கொள்ள நினைத்தால் கட்டிய பணத்தை வட்டியோடு திருப்பித் தரவேண்டும். ஆனால் தகவல் பொய் என்று காட்டினால்தானே சட்டம் உதவும்? அறையின் நீள அகலம் குறைந்தால் டேப் வைத்து அளந்து காட்டிவிடலாம். வெளிச்சம் குறைந்ததை எப்படிக் காட்டுவது? அதுவும் படத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘கற்பனைச் சித்திரம்’ என்று போட்டிருக்கும்போது?

காட்ட முடியும், முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கியிருந்தால். ஒளியையும் அளக்கலாம். விளக்கு மொத்தமாக எவ்வளவு ஒளி தருகிறது என்பதற்கு லூமென். ஒளியின் நிறத்துக்குக் கெல்வின். 2700 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள், 6500 என்றால் நம் ட்யூப்லைட் வெள்ளை. பொருள்களின் நிறத்தை உள்ளது உள்ளபடி காட்டுகிறதா என்பதற்கு நூறுவரை போகும் ஒரு குறியீட்டெண். பழைய குண்டு பல்புக்கு அது ஏறக்குறைய நூறு. சாதாரண எல்.இ.டி.களுக்கு எண்பது வாக்கில். இந்த மூன்றையும் பல்பின் அட்டைப் பெட்டியில் அச்சிடுகிற கம்பெனிகள் இருக்கின்றன. எழுபது, எண்பது ரூபாய் பல்புக்குக் கிடைக்கிற தகவல், பல லட்ச ரூபாய் அறையின் படத்துக்குக் கிடைப்பதில்லை.

படம் காட்டுகிறவரிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம். இந்த விளக்கு எந்தக் கம்பெனியுடையது, அதன் அளந்த ஒளியைப் போட்டிருக்கிறீர்களா? படத்தில் தெரியாத விளக்குகள் எத்தனை, அவற்றை அணைத்துவிட்டு ஒரு படம் தருவீர்களா? இது எந்த மாதத்து, எத்தனை மணி வெளிச்சம்? இதன் ஒயர் எங்கே போகிறது, ப்ளக் பாயிண்ட் வரைபடத்தில் எங்கே இருக்கிறது? இவற்றில் எதுவும் கம்ப்யூட்டருக்கு முடியாத காரியமல்ல. மறைந்திருக்கும் விளக்குகளை அணைக்கச் சில நொடிகள், மறுபடி படம் எடுக்கச் சில மணி நேரம். தயங்குகிறார்கள் என்றால் அந்தத் தயக்கமே பதில்.

யோக்கியமான படம் செய்கிறவருக்கும் இந்தக் கேள்விகள் நல்லவை. அளந்த ஒளியை வைத்து, ஒயரையும் காட்டி, ஆடி மாதத்து மூட்டத்தையும் ஒரு படத்தில் காட்டுகிற இளைஞர் அழகைக் கெடுக்கிறார் என்று இன்று பெயர் வாங்குகிறார். கேட்கிறவர்கள் அதிகமானால் அவரைத்தான் தேடிப் போவார்கள். மூட்டம் கவிந்த மத்தியானத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எவ்வளவு இதமானது என்பது சாந்தன்பாறையில் ஒரு மழைக்காலம் இருந்தவர்களுக்குத் தெரியும். அதற்கு மறைவிளக்கு எதுவும் வேண்டியதில்லை. உள்ளபடி காட்டினாலே அழகுதான்.